நித்திரையிலும் காசு

"நித்திரை கொண்டாலும் காசு வரும்" என்று யூடியூபில் ஆசை காட்டுகிறார்கள். திருகோணமலையின் சம்பூருக்கு இது புதுக்கதையா? குத்தகைக்கு விட்ட வயல் அப்படித்தான் தந்தது. ஆனால் 2006இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணிகளில் பெரும்பங்கு 2015, 16இல்தான் கைக்கு வந்தது. ஆகவே, ஓடும்போது கூடவே எடுத்துப்போகக்கூடிய வருமானத்தில் எனக்கும் ஆசைதான். ஆனால் நித்திரை எங்கே? நீள வீடியோவுக்கு விளம்பரக் காசு வர 1,000 சந்தாதாரர், ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வை வேண்டும். பகல் வேலை முடிந்து வந்து, இரைச்சல் விழாமலிருக்க மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்கக் குரல் பதியும் பெடியனைக் கேளுங்கள். 10 டொலர் சேர்ந்ததும் கூகுள் தபாலில் அனுப்பும் இரகசிய எண்ணுக்காக அவன் படலையில் நிற்கிறான். காசு கைக்கு வர 100 டொலர் சேரவேண்டும்.