விஷம் வைப்பது யார்?



கேம்பஸில் ஒரு நாய் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தால் நாம் கேட்பது, "எவன்டா விஷம் வச்சது?" என்பதுதான். கேள்வி நியாயமானதே. ஆனால் வைக்கிறோம் என்று தெரியாமலே விஷம் வைப்பவர்கள் நம்மிலும் இருக்கிறோம்!

ஆட்டோமொபைல் ஒர்க்‌ஷாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டரைக் கழற்றும்போது கூலன்ட் தரையில் சிந்துகிறது. 'தானா காஞ்சிடும்' என்று போய்விடுகிறோம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, நாய் நக்கிவிடும். முதலில் குடித்தவன் போலத் தள்ளாடும். பிறகு தெளிந்தது போலத் தெரியும். அதை நம்பி விடக்கூடாது! ஓரிரு நாளில் சிறுநீரகம் பழுதாகி உயிர் போய்விடும். ஒரு கை மரத்தூள் போட்டு அள்ளி, மூடியுள்ள டப்பாவில் கொட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்து ஹாஸ்டலில் வைக்கும் எலி கேக். அதில் உள்ள புரோமாடியோலோன் ரத்தத்தை உறைய விடாது. தின்ற அன்று நாய் நன்றாகத்தான் ஓடும். சில நாள் கழித்துத்தான் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் வரும். சீக்கிரம் கால்நடை மருத்துவரிடம் போனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம். பாசத்தில் போடும் சாக்லேட், திராட்சை, 'காய்ச்சல் பாவம்' என்று கொடுக்கும் பாரசிட்டமால்... இவையும் நாய்க்கு ஆபத்தே!

வேண்டுமென்றே கறியில் பூச்சி மருந்து கலப்பவர்களும் உண்டு. "தொல்லை தாங்கல, வேற என்ன பண்றது?" என்கிறார்கள். நாய்க்கடி பயமும் ரேபிஸ் பயமும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கறியைப் பூனையும் காக்கையும் தின்னும். செத்த நாயின் இடத்துக்குத் தடுப்பூசி போடாத வேறொரு நாய் வரும். பயம் அப்படியேதான் இருக்கும்! கருத்தடை, தடுப்பூசி கேட்டு நகராட்சியில் மனு கொடுப்பதே வழி. விஷம் வைத்து விலங்கைக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். டிப்ளமோ வாங்க வந்த இடத்தில் கேஸ் வாங்க வேண்டுமா?

நாய் விஷம் தின்றது தெரிந்தால் உப்புத் தண்ணீரை ஊற்றிக் கைவைத்தியம் செய்யாதீர்கள். மருந்துக் கவரையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

'சேஃப்டி ஃபர்ஸ்ட்' என்று ஒர்க்‌ஷாப் சுவரில் எழுதியிருக்கிறோம். படிக்கத் தெரியாத ஜீவன்களுக்கும் சேர்த்து நாம்தான் அதைப் படிக்க வேண்டும், நண்பர்களே!