தார்ப்பாய் கூரை ஆகுமா?



2021 மே 17-ஆம் தேதியை நாம் மறந்துவிட முடியாது. டவ்தே புயல் கரை ஏறியது குஜராத்தில்தான். மும்பையை உரசிக்கொண்டு போனதற்கே சாந்தாகுரூசில் ஒரு நாளில் 230 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கொலாபாவில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. குர்லாவுக்கு வடக்கே நாம் குடியிருக்கும் பழைய சாலில் ஒரே வரிசையில் பன்னிரண்டு கோலிகள். அன்று மாலைக்குள் பாதி ஓடுகள் தெருவில் கிடந்தன.

மறுநாள் நாம் செய்தது என்ன? ஆளுக்கொரு நீலத் தார்ப்பாய் வாங்கினோம். அவரவர் தலைக்கு மேல் அவரவர் கட்டிக்கொண்டோம். வசதி உள்ள ஒரு குடும்பம் ஓட்டை எடுத்துவிட்டு, ஒரு சாண் உயர்த்தி சிமெண்ட் ஷீட் போட்டது. அந்தத் தண்ணீர் முழுவதும் பக்கத்து வீட்டு அடுப்படியில் இறங்கியது. இரண்டு வீட்டாருக்கும் இன்றுவரை பேச்சில்லை. இன்னொரு வீட்டுப் பிள்ளை ஒழுகலை அடைக்க ஏறி, ஷீட் உடைந்து உள்ளே விழுந்து, இடுப்பு முறிந்து ஆறு மாதம் படுத்துக் கிடந்தான்.

யார் குற்றம்? புயலின் குற்றமா?

வீட்டுக்காரரைக் கேட்டோம். "மாதம் நூற்றைம்பது ரூபாய் வாடகை. அதில் நான் ஓடு மாற்றுவதா?" என்றார். வாடகை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே வரும்போது பகடி வாங்கியவர் யார்? கோலி கைமாறும்போதெல்லாம் தன் பங்கை எண்ணி வாங்குபவர் யார்? உத்திரம் உளுத்துச் சால் தானாக விழட்டும், பில்டர் வரட்டும் என்று காத்திருப்பவர் யார்? நாம் கட்டும் ஒவ்வொரு தார்ப்பாயும் அவருடைய காத்திருப்புக்கு நாம் செய்யும் உதவி!

அரசாங்கமோ கோடு கிழித்திருக்கிறது. 1969-ஆம் வருடச் சட்டத்தால் வந்த பழுதுபார்ப்பு போர்டு, சயான், மாஹிம் வரையுள்ள செஸ் கட்டும் பழைய கட்டடங்களுக்குத்தான். அதைத் தாண்டி வடக்கே இருப்பவனுக்கு அந்த போர்டு இல்லை. மழைக்கு இந்த எல்லை தெரியுமா?

ஆனால் ஒரு சட்டம் எல்லோருக்கும் உண்டு. 1999-ஆம் வருட மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 14-ஆவது பிரிவு. வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருப்பது வீட்டுக்காரர் கடமை. நோட்டீஸ் கொடுத்து 15 நாளில் அவர் செய்யாவிட்டால், குடியிருப்போர் சேர்ந்து செய்து வாடகையில் கழிக்கலாம். வருட வாடகையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கழிக்க முடியாது. நூற்றைம்பது ரூபாய்க் கணக்கில் வருடத்துக்கு 450 ரூபாய்! முகட்டு ஓட்டுக்குக்கூடக் காணாது.

பிறகு நோட்டீஸ் எதற்கு என்பீர்கள். ரயில்வே ஆபீசில் காகிதம் புரட்டிப் பிழைக்கும் நாம் கண்ட உண்மை இது: காகிதத்தில் இல்லாதது நடக்கவே இல்லை. நாளை சால் சரிந்தால், பன்னிரண்டு கையெழுத்துள்ள அந்த நோட்டீஸ்தான் நாம் குடித்தனக்காரர் என்பதற்கும், கூரை அவர் பொறுப்பு என்பதற்கும் சாட்சி.

வேலையும் சேர்ந்துதான் செய்ய வேண்டும். பன்னிரண்டு வீட்டுக்கும் முகடு ஒன்று, உத்திரம் ஒன்று. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை முதலில் மரத்தைப் பாருங்கள். கறையான் அரித்த கைமரத்தையும் ரீப்பரையும் மாற்றாமல் புது ஓடு வேய்வது வீண். காற்று முதலில் தூக்குவது இறவாரத்தையும் முகட்டையும்தான். அந்த வரிசை ஓடுகளைக் கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள். ஷீட் போட்டால் போல்ட்டை மேட்டில் அடியுங்கள், வாஷரோடு. பள்ளத்தில் அடித்தால் அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கும். ஓட்டின்மேலோ ஷீட்டின்மேலோ நேரே மிதிக்காதீர்கள். பலகை போட்டு ஏறுங்கள்.

நமது சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. வருடா வருடம் பேனர் கட்டித் தார்ப்பாய் வழங்கிப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். நாமும் குற்றவாளிகளே! அந்தப் பணத்தில் ஒரு சாலுக்காவது மரம் வாங்கிக் கொடுத்தோமா? நமது வரிசையில் மராத்தித் தோழர்களும் உத்திரப் பிரதேசத்துத் தோழர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்தை இதுவரை கேட்டோமா? பாஷை பார்த்து ஒழுகும் கூரை உண்டா?

ஜூன் இரண்டாம் வாரத்தில் பருவமழை வந்துவிடும். மார்ச்சில் சால் கூட்டம், ஏப்ரலில் நோட்டீஸ், மே மாதத்தில் வேலை. இந்த வருடம் நமது சங்கத்தின் வேலைத்திட்டம் இதுவாகட்டும்!

தனித்தனித் தார்ப்பாய் போதும், தோழர்களே. ஒரே கூரையின் கீழ் வாழ்கிறோம். ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போடுவோம்!