படகு வரட்டும், குடிசை இருக்கட்டும்

சென்னையில் படகு விடப் போகிறோம் என்று யார் அறிவித்தாலும், கால்வாய்க் கரையில் குடியிருக்கும் நம் மக்கள் முதலில் கேட்பது "டிக்கெட் எவ்வளவு?" என்று அல்ல. "எப்போ வீட்டை இடிக்கப் போறாங்க?" என்றுதான். அறியாமையில் பிறந்த கேள்வி அல்ல அது. பட்டுத் தெரிந்துகொண்டது.

2023 ஏப்ரலில் கொச்சியில் வாட்டர் மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு, பக்கிங்காம் கால்வாயிலும் அப்படி விடலாம் என்ற பேச்சு இங்கே சூடு பிடித்திருக்கிறது. இதை வரவேற்பதா, எதிர்ப்பதா? தோழர்களே, படகை எதிர்க்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. படகின் பெயரால் நடக்கும் குடிசை அகற்றத்தைத்தான் எதிர்க்க வேண்டும். அதோடு நின்றுவிடாமல், அந்தப் படகு எங்களுக்கும் வேண்டும் என்று கேட்க வேண்டும்.

இந்தக் கால்வாயை வெட்டியது யார்? கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதி, 1877-78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பட்டினியில் செத்துக்கொண்டிருந்த நிலமற்ற கூலிகள் வெட்டினார்கள். கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காமின் பெயர் கிடைத்தது. வெட்டியவர்களுக்குக் கிடைத்தது அரைவயிற்றுக் கூலி. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இந்த வழியாகத்தான் விறகும் உப்பும் நெல்லும் படகில் நகரத்துக்கு வந்தன.

அந்தப் போக்குவரத்து செத்துப்போனதற்குக் குடிசைகளைக் காரணம் காட்டுவது பெரிய பொய். புயல்கள் சிதைத்தன. சாலையும் ரயிலும் வந்ததும் அரசு கைவிட்டது. நகரம் முழுவதன் சாக்கடையும் உள்ளே திருப்பி விடப்பட்டது. இதெல்லாம் போதாதென்று, பறக்கும் ரயிலின் தூண்களையும் நிலையங்களையும் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். 1995இல் சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர் வரை, 2007இல் வேளச்சேரி வரை ரயில் ஓடியது. கால்வாய் சுருங்கியது. கரையில் பத்துக்குப் பத்து அறையில் வாழ்பவர் ஆக்கிரமிப்பாளர். நீரின் நடுவே கான்கிரீட் தூண் நட்ட அரசு மட்டும் வளர்ச்சிக்காரரா?

2022 மே மாதம் இதே கால்வாய்க் கரையில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதை எதிர்த்து ஒருவர் தீக்குளித்து உயிரை விட்டார். அதற்குப் பிறகுதான், அந்த மக்களுக்கு நகருக்குள்ளேயே வீடு என்ற பேச்சு அரசின் வாயிலிருந்து வந்தது. ஒரு உயிர் போன பிறகு சாத்தியமானது, அதற்கு முன்பு ஏன் சாத்தியமில்லை?

நகருக்குள் இடமில்லை என்று சொல்லி 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிக் கொட்டப்பட்டவர்களில் பெரும்பகுதி தலித்துகள். வேலை மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும், வீடு 20, 25 கிலோமீட்டருக்கு அப்பால். விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். தாமதமானால் வேலை போகும். பள்ளி மாறிய பிள்ளைகள் பலர் படிப்பையே விட்டார்கள். கொடுமை என்னவென்றால், கண்ணகி நகருக்குப் பக்கத்திலும் ஓடுவது அதே பக்கிங்காம் கால்வாய்தான். மக்களை அங்கே கொண்டுபோய்ப் போட்டவர்களுக்கு, அந்தக் கால்வாயில் அவர்களை வேலைக்கு அழைத்து வரலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. படகு என்றதும் அவர்கள் நினைவுக்கு வருவது உல்லாசப் பயணம். 1970களின் தொடக்கத்தில் கூவத்தில் விட்டதும் அதைத்தான். அது நிலைக்கவில்லை.

கொச்சியைப் பாருங்கள் என்கிறார்கள். பார்ப்போம். அங்கே திட்டத்தின் மையமே தீவுகளில் வாழும் மக்கள். 10 தீவுகளை நகரத்தோடு இணைப்பது, 38 படகுத்துறைகள், 78 படகுகள் என்பது இலக்கு. கரையில் இருப்பவரைப் பயணியாகப் பார்த்ததால்தான் அது பொதுப் போக்குவரத்து. குறையும் உண்டு. குறைந்தபட்சக் கட்டணமே 20 ரூபாய், அதிகபட்சம் 40. பாஸ் எடுத்தால் குறையும் என்றாலும், போக வர 80 ரூபாய் என்றால் வீட்டு வேலை செய்யும் ஒரு அக்காவுக்குக் கட்டுப்படியாகுமா?

கொச்சியில் நாம் படிக்க வேண்டிய இன்னொரு பாடமும் இருக்கிறது. நிலத்தில் கூடினால் தீட்டு என்று தடுக்கப்பட்ட புலையர் மக்கள், 1913இல் எறணாகுளம் காயலில் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, பலகை பரப்பி, அதன்மேல் கூட்டம் நடத்தினார்கள். பண்டிட் கருப்பனும் கிருஷ்ணாதி ஆசானும் முன்னின்ற அந்தக் காயல் சம்மேளனம் நம் வரலாறு. அரசியல் நிர்ணய சபையின் ஒரே தலித் பெண் உறுப்பினரான தாட்சாயணி வேலாயுதன் பிறந்த முளவுகாடு தீவுக்கு இன்று வாட்டர் மெட்ரோ போகிறது. மேலே இருந்து யாரும் கொடுத்த பரிசு என்று நினைக்காதீர்கள். அந்த நீரில் உரிமை கேட்டு நின்றவர்கள் இருந்தார்கள்.

எனவே, சென்னையில் படகுத் திட்டம் எந்த வடிவில் வந்தாலும் நம் கோரிக்கைகள் இவை. கரையில் இருக்கும் ஒரு குடும்பத்தையும் நகருக்கு வெளியே தள்ளக் கூடாது. மாற்று வீடு தவிர்க்க முடியாதது என்றால், அதே பகுதியில், இடிப்பதற்கு முன்பே கட்டித் தர வேண்டும். முதல் தடம் கண்ணகி நகரிலிருந்து நகருக்கு, வேலைக்குப் போகும் நேரத்தில் ஓட வேண்டும். சாதாரணப் பேருந்தின் கட்டணமே படகிலும் இருக்க வேண்டும். 2021 முதல் பேருந்தில் பெண்களுக்கு உள்ள இலவசப் பயணம் படகுக்கும் பொருந்த வேண்டும். சாக்கடைக் கலப்பை முதலில் நிறுத்த வேண்டும். தூர்வார நம் ஆட்களை மலத்தில் இறக்கக் கூடாது. இயந்திரம் இறங்கட்டும்.

அடுத்த முறை யாராவது படம் போட்ட திட்ட அறிக்கையைக் காட்டினால், அதில் மரங்களும் நடைபாதையும் இருக்கும், படகில் சிரிக்கும் முகங்களும் இருக்கும். கரையில் இப்போது இருக்கும் வீடுகள் அந்தப் படத்தில் எங்கே என்று கேளுங்கள். அதற்குப் பதில் வரும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

ஜெய் பீம்.