நஞ்சும் நாட்டு விலங்கும்

ஆஸ்திரேலியாவில் ஆடுமாடுகளைக் கொல்லும் ஒரு பூஞ்செடியைப் பற்றி வகுப்பில் கூறிக்கொண்டிருந்தோம். "அப்படியானால் அந்நாட்டுக் கங்காருகள் எப்படிப் பிழைத்திருக்கின்றன, ஐயா?" என்று பின்வரிசைப் பையன் ஒருவன் வினவினான். பாடப் புத்தகத்தில் விடையில்லாத வினா. ஆதலின் இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

காஸ்ட்ரோலோபியம் என்பது அச்செடியினத்தின் பெயர். வயிறுபோல் உப்பிய காயுடையது என்பது பொருள். நம் வேலியோரக் கிலுகிலுப்பையைப் போல அதுவும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நூற்றுக்கு மேற்பட்ட அதன் வகைகளுள் மிகப் பெரும்பாலானவை மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில், மஞ்சளும் செம்மையுமாகப் பூத்து நிற்கின்றன.

1829-இல் ஆங்கிலேயர் அங்கே குடியேறி மந்தைகளை மேயவிட்டனர். ஆடுகள் கூட்டங்கூட்டமாக மாண்டன. நோய் என்றனர் சிலர். ஜேம்ஸ் டிரம்மண்ட் என்னும் தாவர நூலாரோ ஐயத்திற்குரிய செடியை ஆட்டுக்குத் தின்னக் கொடுத்தே உண்மையைக் கண்டார். ஆட்டின்பால் நமக்கு இரக்கம் உண்டு. ஆயினும் வேறு வழி அந்நாளில் இல்லை.

அவ்வகைகள் பலவற்றில் உள்ள புளோரோஅசிடேட் என்னும் நஞ்சு, உடலுக்குள் சென்றதும் வேறொரு பொருளாக மாறி, உயிரணு உணவை எரித்து ஆற்றல் பெறும் தொழிலை இடையில் தடுத்துவிடுகிறது. வயிறு நிறைந்திருந்தும் உயிரணு பட்டினியால் மடிகிறது. மாற்று மருந்து என்று உறுதியாகக் கூறத்தக்கது எதுவும் இல்லை.

இனிப் பையனின் வினாவுக்கு வருவோம். எண்ணற்ற தலைமுறைகளாக அச்செடியோடு வாழ்ந்த விலங்குகளுள் தாங்க மாட்டாதவை அழிந்தன. தாங்கியவற்றின் வழித்தோன்றல்களே எஞ்சின. அந்த மூலையில் வாழும் பாசம் என்னும் மரவிலங்கு, அச்செடியில்லாத கிழக்குப் பகுதியில் வாழும் தன் இனத்தானைக் கொல்லும் அளவினும் நூறு மடங்குக்கு மேற்பட்ட நஞ்சைத் தாங்குகிறது! வெண்கலச் சிறகுப் புறா அதன் விதையைத் தின்று சுகமாயிருக்கும். அப்புறாவின் குடலைத் தின்ற நாயோ இறந்துபோகும்.

இந்த வேற்றுமை பின்னர் ஒரு பெரும் பயன் தந்தது. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்துவிட்ட நரிகள் பெருகி, அந்நாட்டுச் சிறு விலங்குகளைத் தின்று தீர்த்து வந்தன. அதே நஞ்சை '1080' என்ற பெயரில் தொழிற்சாலையில் செய்து, இறைச்சியில் வைத்துக் காடுகளில் இடலாயினர். 1996 முதல் அரசாங்கமே அதனைப் பெருந்திட்டமாக நடத்தி வருகிறது. நரி சாகிறது, நாட்டு விலங்குகளுள் பெரும்பாலானவை தப்புகின்றன.

செடியின் கதைதான் பரிதாபம். மந்தைக்காரர் வேரோடு பிடுங்கியதும், கோதுமைக்காகக் காடு வெட்டியதும் சேர்ந்து, அதன் சில வகைகள் அருகிப்போயின. அவற்றைப் பறிக்கக் கூடாதென்று இப்பொழுது அங்கே சட்டம் இருக்கிறது.