கையுறை கதகதப்பு தரும், கைவலியைத் தீர்க்காது

விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிய, உள்ளங்கையையும் மணிக்கட்டையும் இறுகப் பிடிக்கும் கம்ப்ரெஷன் கையுறைகள் இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஆரி வேலை செய்பவர்கள், குரோஷா பின்னுபவர்கள், வயர் கூடை போடுபவர்கள், தையல்காரர்கள், நாள் முழுக்கக் கணினியில் தட்டச்சு செய்பவர்கள் என்று கைவலியோடு வேலை பார்க்கும் எல்லோருக்குமான தீர்வாக இவை விற்கப்படுகின்றன. ரத்த ஓட்டம் கூடும், வீக்கம் வடியும், மூட்டுவலி போகும் என்பது வழக்கமான வாக்குறுதி. வலிக்கிற கைக்கு இதமாக எதையாவது மாட்டிக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால், இந்தக் கையுறையை வைத்தியம் என்று நம்பி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடுவதும், வலிக்குக் காரணமான வேலைமுறையை அப்படியே தொடர்வதும் கையைக் கெடுத்துவிடும்.

இந்தக் கையுறைகள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனின் சால்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் பல மருத்துவமனைகளில் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2021இல் வெளியானது. முடக்குவாதம் உள்ளிட்ட மூட்டு அழற்சியால் கைவலி கண்ட 206 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு இறுக்கமான கம்ப்ரெஷன் கையுறையும், இன்னொரு பிரிவினருக்கு இறுக்கம் தராத தளர்வான கையுறையும் கொடுத்தார்கள். 12 வாரங்களுக்குப் பிறகு இரு பிரிவிலும் வலி ஓரளவு குறைந்திருந்தது. ஆனால் இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. சற்று யோசித்தால் இது பெரிய செய்தி. எதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறோமோ, அந்த இறுக்கம் தனியாக எந்தப் பலனையும் தரவில்லை. கிடைத்த இதம் துணியின் கதகதப்பாலும், கைக்கு ஏதோ ஆதரவு இருக்கிறது என்ற உணர்வாலும் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

‘எதனால் வந்தால் என்ன, வலி குறைகிறதே, அது போதாதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரவில் விரல்கள் குடைந்து தூக்கம் கெடுகிறவருக்குக் கையுறை போட்டால் தூக்கம் வருகிறது என்றால், தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் அதற்குச் சாதாரணப் பருத்திக் கையுறையோ, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கையை அமிழ்த்தி வைப்பதோ போதும். தவிர, குளிர்நாட்டில் கதகதப்புக்கு இருக்கும் மதிப்பு சென்னையின் மே மாதத்தில் இருக்காது. வியர்வையில் ஊறிய செயற்கை இழை அரிப்பையும் தோல் புண்ணையும் கொண்டுவரும். நம் வீட்டு வேலைகளில் பாதி ஈரத்தோடு நடப்பவை: மாவு பிசைவது, பாத்திரம் தேய்ப்பது, துணி பிழிவது, நாரை நனைத்துப் பூக் கட்டுவது. கை அதிகம் வலிக்கும் நேரமும் அதுதான். கையுறையைக் கழற்றி வைக்க வேண்டிய நேரமும் அதுதான்.

இதைவிட முக்கியமானது, கைவலி என்பது ஒரே நோய் அல்ல. கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்தால் ஜாடி மூடியைத் திருகும்போது சுரீர் என்று வலிக்கும். மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும். நடு இரவில் எழுந்து கையை உதற வைக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு விரல் மடங்கியபடியே சிக்கிக்கொண்டு, பிறகு ‘டக்’கென்று விடுபடும் கோளாறு அதிகம் வருகிறது. முடக்குவாதமோ காலையில் விரல் கணுக்களை வீங்கவைத்து, நீண்ட நேரம் மடக்க முடியாமல் செய்யும். இவற்றுக்கெல்லாம் ஒரே கையுறையை மாட்டுவதில் என்ன அர்த்தம் இருக்கிறது? கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானத்துக்கு அந்த மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்டை அமெரிக்க வாதவியல் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. நரம்பு நெரிசலுக்கு, இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை உதவும். அங்கே அளவு தப்பிய இறுக்கமான கையுறை மரத்துப்போவதைக் கூட்டவும் செய்யலாம். நீரிழிவால் கையில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, கையுறை இறுக்குவதே தெரியாமல் போகும். முடக்குவாதத்துக்கு வேண்டியது நோயையே கட்டுப்படுத்தும் மருந்து. அதைத் தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் மூட்டு சிதைய இடம் கொடுக்கிறது.

வேலைமுறையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. ஆரி வேலையையே எடுத்துக்கொள்வோம். சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய துணியின் மேலே ஒரு கை, பென்சிலைவிட ஒல்லியான பிடி கொண்ட ஊசியை மேலும் கீழும் குத்தி எடுக்கும். துணிக்குக் கீழே மறைந்திருக்கும் இன்னொரு கை, ஒவ்வொரு குத்துக்கும் ஊசியின் கொக்கியில் நூலை மாட்டிவிடும். ஒரு கல்யாண ரவிக்கைக்கு இந்த அசைவு ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது. விரல் நுனிகளால் ஒரு பொருளை ஒரு கிலோ விசையோடு கிள்ளிப் பிடித்தால், கட்டைவிரலின் அடிமூட்டில் ஏறும் சுமை ஏறக்குறைய 12 கிலோ என்று 1970களிலேயே எலும்பியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எந்தக் கையுறையும் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளாது. ஊசிப் பிடியில் ரப்பர் குழாயையோ துணியையோ சுற்றித் தடிமனாக்கினால் கிள்ளும் விசை குறையும். அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மடக்கினால் தசைநார்களுக்கு ஓய்வு கிடைக்கும். முறுக்கிப் பிழிவதற்குப் பதில் துணியைக் கொடியில் போட்டு நீர் வடியவிடலாம். இவற்றுக்குச் செலவே இல்லை. விளம்பரம் செய்ய ஆளில்லை என்பதால்தான் இவை நம் காதுக்கு எட்டுவதில்லை.

‘எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர் எப்படி ஓய்வெடுப்பார்?’ என்பது இன்னும் கடினமான கேள்வி. திருநெல்வேலி, தென்காசி பக்கம் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கை நின்றால் காசு நின்றுவிடும். அவர்களிடம் ஓய்வெடு என்று மட்டும் சொல்வது பொறுப்பான பேச்சல்ல; கையுறை போட்டுக்கொள் என்று சொல்வதும் அப்படியே. மணிக்கட்டு நரம்பு நெரிசலையும் தசைநார் அழற்சியையும் தொழில்சார் நோய்களின் பட்டியலில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இலேயே சேர்த்துவிட்டது. நம் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில் ஈய நச்சும் சிலிகோசிஸும் இருந்தன. கைத் தசைநார்களுக்கு இடமிருக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து வேலை செய்பவர்களோ அந்தச் சட்டத்தின் எல்லைக்கே வெளியில் இருந்தார்கள். உழைப்பால் தேயும் கையை உழைப்பவரின் சொந்தப் பிரச்சினையாக்கி, தீர்வையும் அவரே காசு கொடுத்து வாங்கட்டும் என்று விடுவது அநியாயம்.

அரசு செய்யக்கூடியது ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. முடக்குவாதம் உள்ள 490 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு ஒன்று 2015இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. அசைவுக்கான ஏழு பயிற்சிகளையும் வலுவுக்கான நான்கு பயிற்சிகளையும் கற்றுக்கொடுத்து வீட்டிலேயே செய்ய வைத்ததில், ஓராண்டுக்குப் பிறகும் கையின் செயல்திறன் மேம்பட்டிருந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். பீடி, நெசவு, பூக்கட்டு, தையல் வேலைகள் நிறைந்த ஊர்களில் இந்தக் கைப்பயிற்சிகளைக் கற்றுத்தருவதையும், கைவலியைத் தொடக்கத்திலேயே கண்டறிவதையும் அவர்கள் பணியில் சேர்க்க வேண்டும்.

கையுறை வாங்கி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். இதமாக இருந்தால் போடுங்கள். விரல் நிறம் மாறினாலோ மரத்துப்போனாலோ உடனே கழற்றுங்கள். ஆனால் விரல் கணுக்கள் வீங்கி, காலையில் அரை மணி நேரத்துக்கும் மேலாக மடக்க முடியாமல் இருந்தால், ஆறு வாரங்களுக்குள் வாதநோய் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்கென்றே தனித் துறை இருக்கிறது.