பனியன் ஊருக்கு ஒரு லென்ஸ்



சனிக்கிழமை இரவானால் நம் அலுவலக எண்ணுக்குத் திருப்பூரிலிருந்து செய்திகள் வரத் தொடங்கிவிடும். சம்பள நாள். ஏதோ ஒரு கடை விளம்பரத்தைப் படம் பிடித்து அனுப்பி, "இந்த லென்ஸை வாங்கிப் போடலாமுங்களா?" என்று ஒரே வரியில் கேட்பார்கள். கட்டிங் மாஸ்டர் கேட்பார், செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் பெண் கேட்பார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கல்யாண வீடுகளுக்குப் போகும் நிட்டிங் ஆபரேட்டர் கேட்பார். எல்லோருக்கும் ஒரே பாடுதான். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற நாளில் இரவு எட்டரைக்குத்தான் தெருவையே பார்க்கிறார்கள். அதற்குமேல் மிச்சமிருப்பது டியூப்லைட், டீக்கடை பல்பு, பஸ் ஸ்டாண்ட் விளக்கு. அதில்தான் படம் எடுத்தாக வேண்டும்.

தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. இந்த மாதம் இந்தப் பக்கத்தையே அதற்குக் கொடுத்துவிட்டேன்.

கேமராவோடு இலவசமாக வரும் 18-55 லென்ஸின் முகப்பில் 3.5-5.6 என்று போட்டிருக்கும். குழப்பமே அங்கேதான் ஆரம்பம். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம்: நூல் கவுண்ட் மாதிரிதான். 20-ஐ விட 40 மெலிசு இல்லையா? லென்ஸிலும் எண் ஏற ஏற வாசல் சிறுக்கும். அந்த லென்ஸை 55 வரை இழுத்தால் வாசல் 5.6-க்குச் சுருங்கிவிடும். 1.8 என்று போட்ட லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஒரு சந்துக்குள் 5.6 வைத்து 1/10 விநாடி கேட்கிற கேமரா, 1.8 வைத்தால் 1/100 விநாடியில் வேலையை முடித்துவிடும். 1/10-ல் டீ ஆற்றுகிறவரின் கை புகையாய்ப் போகும். 1/100-ல் கையும் டம்ளரும் அடையாளம் தெரியும். 'என் லென்ஸில் ஆட்டம் குறைக்கும் வசதி இருக்கிறதே' என்பவர்களுக்கு: அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். எதிரே இருப்பவர் அசைந்தால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. செல்போனின் இரவு மோடுக்கும் இதே சிக்கல்தான். அசையாத கோபுரத்தை அழகாக எடுக்கும், தைக்கிற கையை இழுவி வைக்கும்.

ஆக, ஜூம் இல்லாத 1.8 லென்ஸ். இதுவரை எல்லோரும் சொல்வதுதான். எல்லோரும் அதோடு சேர்த்து '50 மி.மீ. வாங்கு' என்பார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை.

உங்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது கிராப் சென்சார் கேமரா, அதாவது முழு அளவு ஃபிலிமைவிடச் சிறிய சென்சார் கொண்டது. அதில் 50 மாட்டினால் 75, 80 மாதிரி நடந்துகொள்ளும். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 1.4 மீட்டர் அகலம்தான் சட்டத்துக்குள் வரும். லைன் வீட்டின் பத்துக்குப் பத்து அறையில் மூன்று மீட்டர் என்றால் முதுகு சுவரில் முட்டும். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அம்மா வருவார், அவர் மடியில் படுத்திருக்கும் பிள்ளையின் கால் வராது. அதே இடத்தில் 35 மி.மீ. இரண்டு மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளுக்கும் இதே கணக்குதான். உள்ளே போனால் பின்னால் நகர இடம் கிடையாது.

"கார்ட்டியே பிரெஸ்ஸோனே 50-தானே வைத்திருந்தார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்த அந்த பிரெஞ்சுக்காரர், வாழ்நாளின் பெரும்பகுதியை லைகா கேமராவோடும் 50 மி.மீ. லென்ஸோடும்தான் கழித்தார். ஆனால் அது முழு அளவு ஃபிலிம். அவர் கண்ட அதே பரப்பு உங்கள் கிராப் கேமராவில் வேண்டுமென்றால் 35-தான் போட வேண்டும். எண்ணைப் பார்த்துப் பின்பற்றினால் பார்வை மாறிப்போகும்.

நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு 35 மி.மீ. 1.8 டி.எக்ஸ். லென்ஸ் 2009 முதலே இருக்கிறது. செகண்ட் ஹேண்டிலும் தாராளமாகக் கிடைக்கும். பழைய 'டி' வகை 50 மலிவு என்று ஏமாந்துவிடாதீர்கள். டி3500, டி5600 போன்ற கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, கையால்தான் திருகிக்கொண்டிருக்க வேண்டும். கேனான்காரர்கள் பாடு கொஞ்சம் சங்கடம். 50 மி.மீ. 1.8 எஸ்.டி.எம். விலைக்கு அவர்களுக்கு 35 இல்லை. 24 மி.மீ. 2.8 'பேன்கேக்' ஒன்று உண்டு. அகலம் சரி, வெளிச்சம் 1.8-ல் பாதிகூட வராது. வீட்டுக்குள்ளும் பட்டறையிலும் எடுப்பவர் என்றால் 24. முகங்கள் மட்டும் போதும் என்றால் 50. முழு அளவு சென்சார் வைத்திருப்பவருக்கு 50-ஐத் தவிர வேறு யோசனையே வேண்டாம்.

வாங்குவதற்கு முன் காசில்லாத ஒரு சோதனை: 18-55 லென்ஸை 35-ல் நிறுத்தி, கார்ட்டன் ஒட்டும் டேப்பால் வளையத்தைக் கட்டிவிடுங்கள். ஒரு ஞாயிறு முழுக்க காதர்பேட்டையில் அப்படியே சுற்றுங்கள். அடுத்த ஞாயிறு 50-ல் கட்டுங்கள். எந்த வாரம் அதிகம் எரிச்சல் வந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

1.8 போதுமா, 1.4 வேண்டாமா? வேண்டாம். ஒன்றரை மடங்குக்குச் சற்றே கூடுதலான வெளிச்சத்துக்கு விலை பல மடங்கு ஏறும். ஸ்டான்லி குப்ரிக் 1975-ல் வெளிவந்த 'பேரி லிண்டன்' படத்துக்காக, நாசாவுக்கென்று ஸைஸ் நிறுவனம் செய்த 0.7 லென்ஸைத் தேடிப்பிடித்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காட்சிகளை எடுத்தார். பெருமைதான். ஆனால் கூர்மையின் ஆழம் அவ்வளவு குறுகியதால் நடிகர்கள் அசையவே பயப்பட வேண்டியிருந்தது. நம் 50-ஐ 1.8-ல் திறந்து ஒன்றரை மீட்டர் தொலைவில் இருப்பவரை எடுத்தாலே ஆறேழு சென்டிமீட்டர்தான் தெளிவாக இருக்கும். கண் தெரியும், காது போய்விடும். நம்மூரில் பாலு மகேந்திராவும் பி.சி. ஸ்ரீராமும் இருட்டை ரசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள் என்றால், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்த்ததால்தான். லென்ஸ் எண் அதற்குப் பிறகுதான் வரும்.

இனி கம்பெனிக்குள் போவோம். முதலாளி அனுமதி இருந்தால் மட்டும்.

டியூப்லைட்டும் மலிவு எல்.இ.டி.யும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/500 வைத்தீர்களென்றால் ஒரு படம் பளிச், ஒரு படம் மங்கல், சிலவற்றில் குறுக்கே கறுப்புப் பட்டை. 1/100 அல்லது 1/50-ல் நிறுத்துங்கள், பட்டை காணாமல் போகும். அதற்கு விலை உண்டு: நிமிடத்துக்கு 6,000 தையல் ஓடும் ஓவர்லாக்கில், 1/100 விநாடிக்குள் ஊசி ஒருமுறை இறங்கி ஏறிவிடும். ஊசி மங்கலாகத்தான் விழும். விழட்டுமே. விரல் தெளிவாக இருந்தால் மிஷின் ஓடுகிறது என்பதற்கு அந்த மங்கலே சாட்சி.

வெள்ளை பனியன் குவிந்த மேசையைக் கண்டால் கேமரா மிரண்டு படத்தைக் கறுப்பாக்கும்; ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். துணியின் நடுவில் ஃபோகஸ் வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். தையல் ஓரத்தில் வையுங்கள், உடனே பிடிக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். செக்கிங் மேசைக்கு மேலே தாழ்வாகத் தொங்கும் விளக்கின் வெளிச்சம் வெள்ளைத் துணியில் பட்டு, குனிந்திருக்கும் முகத்துக்குத் திரும்பி வருகிறது. ஸ்டூடியோக்காரர்கள் காசு கொடுத்து ரிஃப்ளெக்டர் வாங்கிச் செய்கிற வேலை அது.

ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். 1908 முதல் அமெரிக்கப் பஞ்சாலைகளில் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன், இருட்டான இடங்களில் மக்னீசியப் பொடியைக் கொளுத்தித்தான் வெளிச்சம் உண்டாக்கினார். அவர் காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது. ஊசிக்கு அடியில் விரல் வைத்திருப்பவரின் முகத்தில் திடீரென்று மின்னல் அடிப்பது ஆபத்தும்கூட.

நிட்டிங் ஹாலுக்குள் லென்ஸைக் கழற்றவே கூடாது. பறக்கும் பஞ்சு சென்சாரில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. பேக்கிங் பிரிவில் வீணாகும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கேட்டு வாங்கி லென்ஸ் டப்பாவில் போட்டு வையுங்கள்; பூஞ்சை பிடிக்காது. பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள், செல்போன் டார்ச்சை ஒருபுறம் அடித்து மறுபுறம் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

பெருமாநல்லூர் குண்டம் திருவிழாவுக்கு 35 எட்டாதே என்பவர்களுக்கு: எட்டாது. அதற்கு 85 வேண்டும், அது அடுத்த தீபாவளி போனஸுக்கு.

எடுத்த படங்களை அனுப்புங்கள். லென்ஸ், எஃப் எண், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. நான்கையும் கீழே குறிப்பிடுங்கள். முகம் தெரிந்தால் அவரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பையரின் லேபிளோ, இன்னும் சந்தைக்கு வராத டிசைனோ தெரிகிற படம் என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் போட மாட்டோம். உங்கள் வேலை எங்களுக்கு முக்கியம்.

அன்புடன்,
ஆசிரியர்