வரைபடத்தில் ஓடும் நிலத்தடி நீர்

சுரங்கமோ பெருந்தொழிற்சாலையோ அமையவிருக்கும் ஊர்களில் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் நடைபெறுவதை வாசகர்கள் அறிவார்கள். அங்கே முன்வைக்கப்படும் தடித்த அறிக்கைக்குள் சில வேளைகளில் ஒரு வண்ணப்படம் இருக்கும். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பட்டை பட்டையாகத் தீட்டி, இடையிடையே அம்புக்குறிகளைப் பாயவிட்டு, இன்னும் இத்தனை ஆண்டுகளில் நிலத்தடி நீர் இப்படி இருக்கும் என்று கீழே எழுதியிருப்பார்கள். கணினி சொன்னதாயிற்றே என்று தலையசைப்போர் ஒரு சாரார். காசு கொடுத்தவருக்காக வரைந்தது என்று ஒதுக்கித் தள்ளுவோர் மறுசாரார். இரு சாராருமே அந்தப் படத்தை வாசித்துப் பார்ப்பதில்லை. குடிக்கும் நீர் பற்றிய செய்தியாதலால், அதை வாசிக்கும் வகையை இம்மாதம் காண்போம்.

பூமிக்குள் நீர் ஓடுவதை எவரும் கண்ணால் கண்டதில்லை. 1856ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் திஜோன் நகரைச் சேர்ந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய உருளையில் நீரைச் செலுத்திப் பார்த்து ஒரு விதியைக் கண்டறிந்தார். இரு முனைகளுக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு கூடினால் ஓட்டம் கூடும்; மணலின் நீளம் கூடினால் ஓட்டம் குறையும். இன்றைய மென்பொருள்கள் அனைத்திற்கும் இதுவே அடிப்படை. அவற்றுள் புகழ்பெற்றது மாட்ஃப்ளோ. அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த மெக்டொனால்ட், ஹார்பா ஆகிய இருவர் 1984இல் இதை உருவாக்கினர். எவரும் விலையின்றிப் பெறலாம். இது நிலத்தைச் செங்கல் அடுக்கியது போல் அறை அறையாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வோர் அறையின் மண்ணும் நீரை எவ்வளவு எளிதில் விடும், மழைநீர் எவ்வளவு உள்ளே இறங்கும், எந்தக் கிணறு எவ்வளவு இறைக்கும், ஆறு எங்கே ஓடுகிறது என்பவற்றை மனிதர்தாம் எழுதிக் கொடுக்கவேண்டும். மென்பொருள் கணக்கிட்டு, அறைக்கு ஒரு நீர்மட்டத்தை எண்ணாகத் திருப்பித் தரும். அந்த எண்களை வேறொரு மென்பொருள் வண்ணமாக்கிக் காட்டுகிறது.

மத்ரஸாவில் கிதாபு ஓதும் பிள்ளைகளுக்கு, பக்கத்தில் மத்ன் எது, ஷரஹ் எது என்று பிரித்துக் காட்டுவது முதற்பாடம். மூல வாசகம் ஓரிரு வரிதான் இருக்கும்; சுற்றிலும் விரிவுரை நிறைந்திருக்கும். கலைப்படிப்புப் படித்த எனக்கு இந்த வண்ணப்படமும் அப்படியே தோன்றுகிறது. கிணற்றில் அளந்த நீர்மட்டம் மத்ன். கிணறு இல்லாத இடத்தில் தீட்டிய நிறமெல்லாம் ஷரஹ். ஷரஹ் பிழையானது என்று பொருளல்ல; ஆனால் இரண்டும் ஒரே மையில் அச்சாகியிருப்பதால் பார்ப்பவர் மயங்கிவிடுகிறார்.

நிறத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். சிவப்பு ஆபத்து என்று எண்ணுகிறோம். பல படங்களில் நீர்மட்டம் மிக உயர்ந்த இடமே சிவப்பு. பக்கத்திலுள்ள நிற அளவுகோலைப் பாராமல் படத்தைப் பார்ப்பது வீண். படத்தில் ஓட்டை விழுந்தாற்போல் வெள்ளையாக விடப்பட்ட இடம் இருந்தால், கணக்கின்படி அந்த அடுக்கில் அவ்வறை வறண்டுவிட்டது என்று பொருள். அத்தகைய அறைக்கு மாட்ஃப்ளோ, மைனஸ் 1ஐத் தொடர்ந்து 30 சுழிகள் கொண்ட எண் போன்ற ஓர் அடையாள எண்ணை இடும். அதை நீர்மட்டம் என்று நம்பிவிட்டால் படம் முழுவதும் ஒரே நிறமாகிப் பயனற்றுப்போகும். பழைய பதிப்புகளில் ஒருமுறை வறண்ட அறை, தனி ஏற்பாடு செய்தாலொழிய மீண்டும் நனையாது. ஆகவே வெள்ளை இடத்தைக் கண்டால், வறண்டது கிணறா கணக்கா என்று கேட்கலாம்.

படத்திற்கு முன் பார்க்கவேண்டியது வரவு செலவுப் பட்டியல். மழையால் வந்தது இவ்வளவு, ஆற்றிலிருந்து இவ்வளவு, கிணறுகள் எடுத்தது இவ்வளவு என்று மென்பொருளே எழுதித் தரும். வரவுக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாடு 1 விழுக்காட்டிற்கும் குறைவாக இருக்கவேண்டும் என்பர். ஆனால் கணக்குப் புத்தகம் சரியாக நேர்ந்துவிட்டதால் எழுதிய தொகைகளெல்லாம் உண்மையாகிவிடுமா? ஆகாது. கூட்டல் பிழையில்லை என்பது மட்டுமே தெரியும்.

இப்படத்தை வாசிப்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதற்கு, அமெரிக்காவில் பாஸ்டனுக்கு வடக்கேயுள்ள வோபர்ன் என்னும் சிற்றூரின் வழக்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அபர்ஜோனா ஆற்றங்கரையில் 1964இலும் 1967இலும் தோண்டிய இரண்டு பொதுக்கிணறுகளின் நீரை அவ்வூரில் ஒரு பகுதியினர் குடித்து வந்தனர். நாற்றமும் சுவைக்கேடும் இருப்பதாகத் தாய்மார்கள் முறையிட்டும் பயனில்லை. 1979இல் பரிசோதித்தபோது, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் ட்ரைகுளோரோஎத்திலீன் என்னும் வேதிப்பொருள் 100 கோடிப் பங்கில் 267 பங்கு இருந்தது. கிணறுகள் மூடப்பட்டன. 1969 முதல் 1979 வரை அவ்வூரில் 12 குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்திருந்தது. எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கையோ 5 அளவே.

எட்டுக் குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. 1986இல் விசாரணை நடந்தது. ஒரு பிரதிவாதியான கிரேஸ் நிறுவனத்தின் ஆலை கிணறுகளுக்கு வடகிழக்கே இருந்தது. மற்றொரு பிரதிவாதியான பியாட்ரிஸ் நிறுவனத்திற்குரிய நிலம், தோல் பதனிடும் ஆலையொன்றை அடுத்து, ஆற்றின் மேற்குக் கரையில் இருந்தது. கிணறுகளோ கிழக்குக் கரையில். எனவே ஒரு கேள்வி பெரிதாயிற்று: மேற்குக் கரையின் நீர் ஆற்றுக்கு அடியில் புகுந்து கிழக்கே வருமா, அல்லது ஆறு அதைத் தடுத்து ஏற்றுக்கொண்டுவிடுமா?

மாதிரியை அமைப்பவர் ஆற்றை முழு எல்லையாக எழுதிவிட்டால் படத்தில் ஒரு துளியும் அதைக் கடக்காது. அதைக் காட்டி, பாருங்கள், நீர் கடக்கவில்லை என்று சொல்வது, தாமே எழுதிய ஷரஹைத் தாமே மத்னாக ஓதுவதாகும். வோபர்னில் இதை அளந்தே பார்த்தார்கள். நிலவியல் ஆய்வுத்துறை 1985 டிசம்பர் தொடங்கி 30 நாட்கள் இரு கிணறுகளையும் இறைத்து, சுற்றிலும் நீர்மட்டத்தையும், மேலும் கீழும் ஆற்றின் ஓட்டத்தையும் அளந்தது. ஆற்றுக்கு மேற்கேயும் நீர்மட்டம் தாழ்ந்தது. அத்துடன் இறைத்த நீரில் கணிசமான பங்கு ஆற்றிலிருந்தும் வந்தது. ஒரே அளவீட்டில் இரு கட்சியாரும் தத்தமக்கு வேண்டியதைக் கண்டார்கள்.

அதனினும் கடினமான கேள்வியை நீதிமன்றம் ஜூரிகளிடம் கேட்டது: நஞ்சு முதன்முதலில் கிணற்றை அடைந்தது எந்த ஆண்டு, எந்த மாதம்? குழந்தை நோயுற்றதற்கு முன்பே நஞ்சு வந்ததா என்பது அதைப் பொறுத்திருந்தது.

இங்கேதான் நீர்மட்டப் படம் கைவிட்டுவிடுகிறது. அடியில் துளையிட்ட இரண்டு பானைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நுண்மணலை நிரப்பி மெல்லிய தாரையாக நீரை விடுங்கள். மற்றொன்றில் பருமணலை நிரப்பி இருமடங்கு தாரையாக விடுங்கள். மணல் இருமடங்கு எளிதில் நீரை விடுமானால் இரண்டு பானைகளிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும். உயரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் மேலே ஒரு சொட்டுச் சாயத்தை இட்டால், பருமணல் பானையில் அது பாதி நேரத்தில் அடியை எட்டிவிடும். மாதிரியிலும் அப்படித்தான். மழை இறங்கும் அளவையும் மண்ணின் திறனையும் சேர்த்து இருமடங்காக்கினால், கிணறுகளின் நிலைத்த நீர்மட்டம் மாறாது. நஞ்சு வந்து சேரும் காலமோ பாதியாகிவிடும். மண்ணில் எவ்வளவு இடைவெளி உண்டு, அவ்வேதிப்பொருள் மண்ணில் எவ்வளவு ஒட்டிக்கொண்டு பின்தங்கும் என்பனவும் தேதியை மாற்றக்கூடியவை. இவற்றின் சுவடு நிலைத்த நீர்மட்டப் படத்தில் இராது. எனவே அறிக்கையில் கணித்த மட்டமும் அளந்த மட்டமும் பொருந்துகின்றன என்று கண்டால், எங்கேனும் ஓட்டத்தையும் அளந்தீர்களா என்று அடுத்த கேள்வியைக் கேட்கவேண்டும்.

ஜூரிகள் கிரேஸ் நிறுவனத்தைப் பொறுப்பாளி என்றும், பியாட்ரிஸ் பொறுப்பல்ல என்றும் கூறினர். அவர்கள் தந்த விடைகள் தம்முள் பொருந்தவில்லை என்று நீதிபதி மறுவிசாரணைக்கு உத்தரவிட, அதற்குள் கிரேஸ் 80 இலட்சம் டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. 1991இல் நிலத்தைச் சுத்தம் செய்யும் செலவை ஏற்க அவ்விரு நிறுவனங்களும் வேறு சிலவும் அரசுடன் உடன்பட்டன. விடுவிக்கப்பட்டதும் அதில் அடக்கம். பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலச் சுகாதாரத் துறை, குழாய்களில் நீர் பிரிந்து சென்றதைக் கணினி மாதிரியால் வீடு வாரியாகக் கணக்கிட்டது. கருவுற்ற காலத்தில் தாய் அந்நீரைப் பருகிய அளவு கூடியதற்கேற்பக் குழந்தையின் நோய் வாய்ப்பும் கூடியதாக அவ்வாய்வு காட்டிற்று.

தோல் ஆலையும் ஆற்றங்கரைக் கிணறும் என்றதும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வாசகர்களுக்குத் தம் பாலாறு நினைவுக்கு வந்திருக்கும். தோல் தொழிலால் பிழைக்கும் வீடும், உப்பேறிய கிணற்றை மூடிய வீடும் அங்கே ஒரே தெருவில் உள்ளன. மாசுபடுத்தியவர்களே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 1999இல் ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தங்கராஜன், மேல் பாலாற்றுப் படுகைக்குக் கணினி மாதிரி அமைத்து ஆய்வு வெளியிட்டார். மாசு வரத்தை அன்றிருந்ததில் பாதியாகக் குறைத்தாலும், 20 ஆண்டுகளுக்குப் பின்னரும் நிலத்தடி நீரின் உப்புச் செறிவு பாதிக்குக் கீழே இறங்காது என்பது அதன் முடிவு.

இவ்வாக்கியத்தை இரு விதமாகத் திரிக்கலாம். எப்படியும் தண்ணீர் திருந்தப் போவதில்லை, பிறகு சுத்திகரிப்புக்கு ஏன் செலவு என்பது ஒன்று. இவ்வூர் நீர் என்றென்றைக்கும் கெட்டுவிட்டது என்பது மற்றொன்று. ஆய்வு இரண்டையும் சொல்லவில்லை. "பாதியாகக் குறைத்தால்" என்பது நிபந்தனை; முழுதும் நிறுத்தினால் என்ன என்பது வேறு கணக்கு. மண்ணில் ஏற்கெனவே இறங்கிவிட்ட உப்பு மெல்லத்தான் வெளியேறும் என்பதே அதன் சாரம். அது ஒரு படுகை முழுமைக்குமான கணக்கு. மாதிரியின் ஓர் அறைக்குள் பல வீட்டுக் கிணறுகள் அடங்கிவிடக்கூடும். அத்தனைக்கும் ஒரே எண்தான்.

அக்கணக்கின் 20 ஆண்டுகள் 2019இலேயே கடந்துவிட்டன. இன்று உங்கள் வீட்டுக் கிணற்றின் நிலையை அறிய எந்தப் படமும் வேண்டியதில்லை. சுத்தமான பாட்டிலில் நீரைப் பிடித்துத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் கட்டணம் செலுத்திக் கொடுக்கலாம். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு என்பது இந்தியத் தர நிர்ணயம். முடிவுத்தாளில் தேதியும் கிணற்றின் ஆழமும் குறித்து வையுங்கள். மோட்டாரைப் போடுவதற்கு முன், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, மாதம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து எழுதிவருவது வீட்டுப் பிள்ளைகளே செய்யக்கூடிய வேலை. நாளை எவரேனும் உங்கள் ஊருக்கு வண்ணப்படம் கொண்டுவந்தால், அந்த நோட்டுப்புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, உங்கள் கிணறு இருக்கும் அறையின் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள்.